கந்தூரி வாசமும் கோழிக்குஞ்சின் சிறகும்

கல்முனைக்குடியில் எங்கள் மூத்தம்மா கோழி அடை வைத்தால், ஐந்தாம் நாள் இரவு வீட்டில் ஒரு சோதனை நடக்கும். விளக்கை அணைக்கச் சொல்வார். கூடைக்குள்ளிருந்து முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அகன்ற முனையில் டோர்ச்சை அழுத்திப் பிடிப்பார். வெறும் மஞ்சளாக ஒளிர்ந்தால் அந்த முட்டை ஒதுக்கப்படும். உள்ளே சிவப்பு நூல்கள் சிலந்தியின் கால்களைப் போல விரிந்து, நடுவில் ஒரு கரும்புள்ளி அசைந்தால், "உசிர் வந்திட்டு" என்று சொல்லி, கரியால் ஒரு கோடு போட்டு மெல்லத் திருப்பி வைப்பார்.

"உள்ளுக்குள்ள ஆர் மூத்தம்மா செய்யிற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அல்லாஹ்ட வேலை மகன்" என்றார்.

அந்த வேலை எந்த முறையில் நடக்கிறது என்ற கேள்வி என்னோடு தங்கிவிட்டது. வீடு கட்டினால் மேசன்மாருக்கு மேலே படம் தெரிந்த ஒருவர் இருப்பார். பக்கத்து ஊரான மருதமுனையில் தறியில் சாரம் நெய்தால், எந்த நூல் எங்கே வரவேண்டும் என்பது நெசவாளியின் தலைக்குள் இருக்கும். முட்டைக்குள் அப்படி எவரும் இல்லை. புதிதாக இட்ட முட்டையின் மஞ்சட் கருவின் மேல் வெளிறிய வட்டமாக ஒன்று தெரியுமே, குஞ்சாகப் போவது அதுதான். ஒரே மாதிரித் தோன்றும் பல ஆயிரம் கலங்கள். எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது ஒரே டி.என்.ஏ. இருபத்தொரு நாளில் அவற்றில் சில கண்ணாகின்றன, சில ஈரலாகின்றன, சில சிறகின் மூன்று விரல்களாகின்றன. கோழியின் சிறகிலும் விரல்கள் உண்டு. குழம்பில் சிறகுத் துண்டு கிடைக்கும்போது நுனியை உரித்துப் பாருங்கள், மூன்று தெரியும். அவை ஒருபோதும் வரிசை மாறி முளைப்பதில்லை. தான் எந்த விரல் என்பது ஒரு கலத்துக்கு எப்படித் தெரிகிறது?

பார்ப்பது மட்டும் போதுமென்றால் விடை எப்போதோ கிடைத்திருக்கும். அரிஸ்டோட்டில் அடைமுட்டைகளை நாளுக்கொன்றாக உடைத்துப் பார்த்தார். மூன்றாம் நாளில் இரத்தப் பொட்டு ஒன்று துடிப்பதை எழுதி வைத்தார். விலங்குகள் பற்றிய அவருடைய நூல்களை அறபு அறிஞர்கள் கிதாபுல் ஹயவான் என்ற பெயரில் மொழிபெயர்த்துக் காத்தார்கள். என்ன நடக்கிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது. எப்படி நடக்கிறது என்பதை அறிய, நடக்கிற வேலைக்குள் கைவைத்துக் குழப்ப வேண்டியிருந்தது.

1891 இல் ஹான்ஸ் ட்ரீஷ் என்ற ஜேர்மானியர் கடல் முள்ளெலியின் முளையத்தை எடுத்துக்கொண்டார். முளையம் என்று பாடநூல்கள் சொல்வது, கருக்கட்டிய முட்டை பிரிந்து வளரத் தொடங்கிய அந்த ஆரம்ப உருவத்தை. அது இரண்டு கலங்களாகப் பிரிந்திருந்த நேரத்தில், நீரோடு சேர்த்துக் குலுக்கி இரண்டையும் தனித்தனியாக்கினார். வலது பாதி, இடது பாதி என்று வேலை முன்கூட்டியே பங்கிடப்பட்டிருந்தால் அரை உடம்புகள் இரண்டு வந்திருக்கவேண்டும். வந்தவை அளவில் சிறிய, ஆனால் முழுமையான இரண்டு குடம்பிகள். பிறக்கும்போதே இன்னதாக வேண்டும் என்ற கட்டளையோடு கலம் பிறப்பதில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் அது முடிவெடுக்கிறது.

பார்ப்பது என்றேன். கலத்துக்குக் கண் ஏது? அதற்கு முகரத்தான் தெரியும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த மோப்பத்தைப் பற்றியது.

ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில் ஹான்ஸ் ஸ்பீமனின் ஆய்வுகூடத்தில் ஹில்டே மங்கோல்ட் என்ற இளம் மாணவி 1921 இல் ஒரு வேலையைத் தொடங்கினார். நியூட் என்பது பல்லியைப் போல வாலுள்ள, தவளைக்கு உறவான நீர்வாழ் உயிரி. அதன் முளையம் கடுகளவுதான். கண்ணாடி ஊசியும் குழந்தையின் மெல்லிய தலைமயிரால் செய்த சுருக்கும்தான் கருவிகள். முதுகுப்பக்கமாகப் போகும் ஓர் உதட்டு மடிப்பிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி, இன்னொரு முளையத்தின் வயிற்றுப் பக்கத்தில் ஒட்டினார். கிருமிகொல்லி மருந்துகள் இல்லாத காலம். பெரும்பாலான முளையங்கள் அழுகிச் செத்தன. தப்பிய ஒரு சிலவற்றின் வயிற்றில் இரண்டாவது உடலொன்று வளர்ந்தது. முண்ணாண், முதுகுத்தசை என்று எல்லாமாக, ஒட்டிப் பிறந்த இரட்டையரைப் போல.

அந்தப் புதிய உடல் எவருடையது? துணுக்கே வளர்ந்து உடலானதா, அல்லது சுற்றியிருந்த கலங்களைத் துணுக்கு மாற்றியதா? இந்தக் கேள்விக்காகத்தான் அவர்கள் முன்யோசனையோடு நிறம் வேறான இரண்டு நியூட் இனங்களைத் தேர்ந்திருந்தார்கள். கொடுத்தது வெளிறியது, வாங்கியது கருமையானது. இரண்டாவது உடலைச் சீவிச் சீவி நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, முண்ணாணின் பெரும்பகுதி கருமையான கலங்களால் ஆகியிருந்தது. வயிற்றுத் தோலாக ஆகவேண்டிய கலங்கள், வந்த விருந்தாளி ஏதோ சொன்னதால் நரம்பாகிவிட்டன. ஓர் இழையம் இன்னோர் இழையத்தின் விதியை மாற்றும் இதைத் தூண்டல் என்பார்கள். 1924 இல் கட்டுரை வெளியானது. அதே ஆண்டு செப்டெம்பரில் வீட்டு அடுப்பு விபத்தில் தீக்காயப்பட்டு ஹில்டே மங்கோல்ட் இறந்துபோனார். வயது 25. ஸ்பீமனுக்கு 1935 இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய பெயரைச் சொல்லும் எந்த இடத்திலும் இந்தப் பெண்ணின் பெயரையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

விருந்தாளி சொன்னது என்ன? துணுக்கைக் கொன்ற பிறகு ஒட்டியும் பார்த்தார்கள், அப்போதும் தூண்டல் நடந்தது. ஆக, உயிருள்ள ஏதோ ஒரு சக்தி என்று சொல்லித் தப்ப முடியாது, அது ஒரு பொருள். ஆனால் சம்பந்தமே இல்லாத விலங்குகளின் ஈரலும் வேறு இழையங்களும் கூட அதே வேலையைச் செய்தன. எல்லாரும் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வழக்கைப் போல ஆகிவிட்டது. பலர் சலித்து அந்தத் துறையையே விட்டுப் போனார்கள். விடை கிடைக்க ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் சென்றன.

1992 இல் நொகின், 1994 இல் கோர்டின் என்று இரண்டு புரதங்கள் அந்த உதட்டு மடிப்பில் சுரப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அவை செய்யும் வேலை யாரும் எதிர்பாராதது. அறுவடைக் காலத்தில் எங்கள் மேற்குப்புற வயல்களில் திடீரென மழை வந்தால், களவெட்டியில் குவித்த நெல்லின் மேல் படங்கை இழுத்துப் போடுவார்கள். மழை எங்கும் பெய்யும், படங்கின் கீழ் மட்டும் காய்ந்திருக்கும். முளையத்தில் பி.எம்.பி. என்ற புரதம் அந்த மழை. அது படும் கலங்கள் தோலாகின்றன. எலும்பு வளரத் தூண்டும் பொருளாக முதலில் அறியப்பட்டதால் அதற்கு எலும்பு உருவாக்கும் புரதம் என்று பெயர். நொகினும் கோர்டினும் படங்கு. அவை பி.எம்.பி.யைப் பற்றிப் பிடித்துக்கொள்வதால் அது கலங்களைச் சேர்வதில்லை. நனையாத கலங்கள் நரம்பாகின்றன, மூளையாகின்றன. "நரம்பாகு" என்று எவரும் சொல்லவில்லை. "தோலாகு" என்ற சொல் அங்கே போய்ச் சேராமல் தடுக்கப்பட்டது, அவ்வளவுதான். முன்பு ஈரல் துண்டு எல்லாம் வேலை செய்த மர்மமும் ஓரளவு விளங்குகிறது. நியூட்டின் அந்தக் கலங்கள் எப்போதும் நரம்பின் வாசலில் நிற்பவை, சிறிய தள்ளல் போதும்.

இனி சிறகுக்கு வருவோம்.

அடை வைத்த மூன்றாம் நாள், குஞ்சின் விலாப்பக்கத்தில் சிறு மேடாகச் சிறகு மொட்டு அரும்புகிறது. அமெரிக்காவில் ஜோன் சோண்டர்ஸும் மேரி காஸெலிங்கும் முட்டையோட்டில் ஒரு ஜன்னல் வெட்டி, மொட்டின் பின்விளிம்பிலிருந்து சிறு துணுக்கை எடுத்து, வேறொரு முட்டையில் உள்ள மொட்டின் முன்விளிம்பில் பொருத்தினார்கள். ஜன்னலை மூடி, அடைகாக்கும் பெட்டிக்குள் வைத்தார்கள். 1968 இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது. கோழிச் சிறகின் மூன்று விரல்களுக்கும் 2, 3, 4 என்று இலக்கமிடுவது வழக்கம். வளர்ந்த சிறகில் ஆறு விரல்கள் இருந்தன. வரிசை 4, 3, 2, 2, 3, 4. கண்ணாடி முன் நிறுத்தியதைப் போல.

இதை விளக்க எனக்கு எங்கள் ஊர்க் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்றக் காலம்தான் கைகொடுக்கிறது. கந்தூரி விருந்துக்குக் கிடாரத்தில் சோறு வேகும்போது வாசம் தெருவெங்கும் ஏறும். ஒருவருடைய கண்ணைக் கட்டி ஏதோ ஒரு தெருவில் விட்டாலும், மூக்கைத் துளைத்தால் பள்ளி பக்கத்தில், இலேசாக வந்தால் பிரதான வீதிப் பக்கம், ஒன்றுமே வராவிட்டால் அதற்கும் அப்பால் என்று சொல்லிவிடுவார். வாசம் ஒன்றுதான், இடத்தைச் சொல்வது அதன் அளவு. சிறகு மொட்டின் பின்விளிம்பு அந்தக் கிடாரம். அங்கிருந்து ஒரு பொருள் கசிந்து பரவுகிறது. அடர்த்தியாகக் கிடைத்த கலங்கள் 4ஆம் விரலாகின்றன, நடுத்தரமாகக் கிடைத்தவை 3, மெல்லியதாகக் கிடைத்தவை 2. இப்போது தெருவின் மறுமுனையிலும் ஒரு கிடாரத்தை வைத்தால் என்ன ஆகும்? இரண்டு முனையிலும் அடர்த்தி, நடுவில் மெலிவு. 4, 3, 2, 2, 3, 4.

ஊர்க் காற்று வாசத்தை அள்ளிக்கொண்டு போகும், முட்டைக்குள் காற்று வீசுவதில்லை. அதனால் அங்கே வாசம் ஒழுங்காக, தூரத்துக்கேற்பத் தேய்ந்துகொண்டே போகிறது. இதைப் பாடநூல் செறிவுப் படித்திறன் என்கிறது. இப்படி உருவத்தை வகுக்கும் பொருளுக்கு மோபோஜன் என்ற பெயரைக் கணித மேதை அலன் டியூரிங் 1952 இல் வைத்தார். நான் அதை உருவூட்டி என்று எழுதுகிறேன்.

அளவே முகவரி என்ற இந்த எண்ணத்தை 1969 இல் தெளிவாக வகுத்தவர் லூயிஸ் வோல்பேர்ட். தென்னாபிரிக்காவில் பிறந்து, பொறியியல் படித்து, பிறகு உயிரியலுக்கு வந்தவர். கொடி என்றதும் எங்களுக்குக் கடற்கரைப் பள்ளியின் மினாராவில் ஏறும் கொடி நினைவுக்கு வரும். அவர் எடுத்துக்கொண்டது நீலம், வெள்ளை, சிவப்பு என்று மூன்று பட்டைகள் கொண்ட பிரெஞ்சுக் கொடி. வரிசையாக நிற்கும் கலங்களில் உருவூட்டி அதிகம் பெற்றவை நீலமாகும், இடைப்பட்டவை வெள்ளை, குறைவானவை சிவப்பு. துணியைப் பாதியாக வெட்டினாலும் மீண்டும் மூன்று பட்டைகள் சிறிதாக உருவாகும் என்பதே இதன் அழகு. ட்ரீஷின் குட்டிக் குடம்பிகள் இங்கே நினைவுக்கு வரவேண்டும். அடுத்த ஆண்டு, டி.என்.ஏ.யின் வடிவத்தைக் கண்டவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக், வெறும் பரவலால் இது நடக்கக்கூடியதா என்று கணக்குப் பார்த்தார். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான தூரம், சில மணி நேரம் என்றால் நடக்கும் என்று வந்தது. முளையங்களில் இந்த வேலை நடக்கும் தூரமும் நேரமும் ஏறக்குறைய அவையே.

கணக்கு சரி, சாட்சி வேண்டும். இலண்டனில் செரில் டிக்கில் பின்விளிம்புக் கலங்களை எண்ணி எண்ணி வைத்துப் பார்த்தார். சில பத்துக் கலங்களை வைத்தபோது மேலதிகமாக 2ஆம் விரல் மட்டும் வந்தது. நூற்றுக்கு மேல் வைத்தபோது 4ஆம் விரலும் வந்தது. 1982 இல் அவரும் சகாக்களும் கலங்களையே விட்டுவிட்டு, றெட்டினோயிக் அமிலத்தை மட்டும் முன்விளிம்பில் வைத்தார்கள். அதே கண்ணாடிச் சிறகு வந்தது. அமிலம் குறைவென்றால் 2, கூடினால் 3, இன்னும் கூடினால் 4.

றெட்டினோயிக் அமிலம் என்பது விற்றமின் ஏ உடலுக்குள் மாறி உண்டாகும் பொருள். பப்பாசியும் முருங்கையிலையும் சாப்பிடச் சொல்கிறார்களே, அந்த விற்றமின் ஏ. இதன் கதையில் எங்கள் பக்கத்து மனிதர்களுக்குப் பெரிய இடம் உண்டு, அதை நிறையப் பேர் அறிவதில்லை. 1978 இல், ராஜஸ்தானின் ஜெய்ப்பூரில் நியாசி, சக்ஸேனா என்ற இருவர் தேரையின் வாற்பேய்களின் பின்கால்களை வெட்டி, விற்றமின் ஏ கலந்த நீரில் வளர்த்தார்கள். வாற்பேய் வெட்டுண்ட காலைத் திரும்ப வளர்க்கும், வெட்டிய இடத்துக்குக் கீழே உள்ள பகுதியை மட்டும். விற்றமின் ஏ நீரில் அந்த ஒழுங்கு குலைந்தது. கீழ்க்காலில் வெட்டினாலும், மேலே ஏற்கெனவே இருக்கும் பகுதிகள் திரும்பவும் முளைத்தன. 1982 இல் இங்கிலாந்தில் மல்கம் மேடன் வேறோர் உயிரியில் இதையே தெளிவாகக் காட்டினார். கலம் தன் முகவரியைத் தவறாக வாசிக்கிறது. முழங்காலுக்குக் கீழே நின்றுகொண்டு, இடுப்பருகே நிற்பதாக நினைக்கிறது.

அதற்கும் மேலான ஆச்சரியம் ஒடிசாவிலிருந்து வந்தது. புவனேஸ்வரின் உத்கல் பல்கலைக்கழகத்தில் பிரியம்பதா மொஹந்தி ஹெஜ்மாடி என்ற விலங்கியலாளர் இருந்தார். ஒடிசி நடனத்திலும் பெயர்பெற்றவர், 1998 இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவரும் சகாக்களும் பலூன் தவளையின் வாற்பேய்களின் வாலை வெட்டி விற்றமின் ஏ நீரில் விட்டார்கள். வால் போன இடத்தில் வால் வளரவில்லை. கால்கள் வளர்ந்தன. தொடையும் கீழ்க்காலும் பாதமும் கொண்ட பின்கால்கள். 1992 இல் நேச்சர் இதழில் இது வந்தபோது, முதுகெலும்புள்ள விலங்கில் ஓர் உறுப்பின் இடத்தில் முற்றிலும் வேறோர் உறுப்பு முளைத்ததை உலகம் பார்த்தது. மேடன் ஐரோப்பியத் தவளையில் செய்து பார்த்து அடுத்த ஆண்டே உறுதிப்படுத்தினார்.

அந்தப் பலூன் தவளை இலங்கையின் உலர் வலயத்திலும் வாழ்கிறது. வெயில் காலம் முழுவதும் மண்ணுக்குள் புதைந்து கிடந்து, மழையோடு வெளியே வந்து, உடம்பை ஊதிக்கொண்டு கத்தும். ஆய்வுக்கான உயிர் எங்கோ தொலைவில் இருக்கிறது என்று நினைக்கும் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

அப்படியானால் சிறகு மொட்டின் உருவூட்டி றெட்டினோயிக் அமிலம்தானா? பலர் அப்படித்தான் நம்பினார்கள். பிறகு கவனமாகப் பார்த்தபோது, அமிலம் தானே முகவரி சொல்லவில்லை, பக்கத்துக் கலங்களைப் புதிய பின்விளிம்பாக மாற்றிவிட்டது என்று தெரிந்தது. கிடாரம் என்று நினைத்தது அடுப்பு மூட்டியவராக இருந்தார். உண்மையான பொருளின் தடயம் ஈயிடம் இருந்தது. 1980 இல் ஜேர்மனியில் கிறிஸ்டியானே நுஸ்லைன் வோல்ஹார்ட், எரிக் வீஷவுஸ் இருவரும் பழ ஈயின் பரம்பரையலகுகளைக் குலைத்துப் பார்த்தபோது, ஒரு குடம்பியின் உடல் முழுவதும் முள்ளாக இருந்தது. அதனால் அந்தப் பரம்பரையலகுக்கு முள்ளெலி என்று பொருள்படும் ஹெட்ஜ்ஹொக் என்ற பெயர் வந்தது. 1993 இல் ஹார்வர்டில் கிளிஃப் டாபினின் குழு அதன் உறவுக்காரப் பரம்பரையலகு கோழியில் இருப்பதையும், சிறகு மொட்டின் பின்விளிம்பில் சரியாக அந்த இடத்தில் மட்டும் இயங்குவதையும் கண்டது. அந்தப் புரதத்தைச் சுரக்கும் கலங்களை முன்விளிம்பில் வைத்தார்கள். கண்ணாடிச் சிறகு.

வீடியோ விளையாட்டுப் பாத்திரமொன்றின் பெயரைக் கொண்டு அதற்கு சோனிக் ஹெட்ஜ்ஹொக் என்று பெயரிட்டார்கள். எனக்கு இந்தப் பெயரில் உடன்பாடு இல்லை. இந்தப் பரம்பரையலகு பழுதான பிள்ளையின் தாய்க்கு முன்னால் ஒரு வைத்தியர் இந்தப் பெயரை உச்சரிக்க வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் இது கோழிக்கு மட்டும் உரியதல்ல. கட்டைவிரல் பக்கம் மேலதிக விரலோடு பிள்ளைகள் பிறக்கும் சில குடும்பங்களில், இந்தப் பரம்பரையலகை இயக்கும் ஆளியில் ஓர் எழுத்து மாறியிருப்பதை 2003 இல் கண்டார்கள். அந்த ஆளி பரம்பரையலகிலிருந்து ஏறக்குறைய பத்து இலட்சம் எழுத்துகள் தள்ளி இருக்கிறது. எழுத்து மாறியதால் முன்விளிம்பிலும் கொஞ்சம் வாசம் கசிகிறது. ஆறாம் விரலை அதிர்ஷ்டம் என்பாரும் உண்டு, குறை என்று ஒளிப்பாரும் உண்டு. கிடாரம் இரண்டாகியது, அவ்வளவுதான் விஷயம்.

குறைந்தால்? 1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் செம்மறியாடுகள் நெற்றியில் ஒற்றைக் கண்ணோடு குட்டி போட்டன. சினையான பதினான்காம் நாளளவில் தாயாடு மலைச்சாரலின் ஒரு வகைக் காட்டுச் செடியைத் தின்றிருந்தது. செடியிலிருந்து பிரித்த நஞ்சு ஹெட்ஜ்ஹொக் செய்தியைக் கலங்கள் வாங்கவிடாமல் தடுக்கிறது என்பது 1998 இல் தெளிவானது. கண்ணாகப் போகும் பட்டை முதலில் ஒன்றாகத்தான் இருக்கிறது. நடுக்கோட்டிலிருந்து வரும் இதே புரதம்தான் அதை இரண்டாகப் பிரிக்கிறது. ஒற்றைக்கண் குட்டி பிறந்தால் எங்கள் பக்கத்தில் பலவிதமாகப் பேசுவார்கள். அந்தத் தாயாடு தின்றது ஒரு செடி.

றெட்டினோயிக் அமிலத்தையும் விட்டுவிட முடியாது. சிறகின் கிடாரம் அது இல்லாவிட்டாலும், முளையத்தின் வேறு இடங்களில், குறிப்பாகப் பின்மூளையில், அது முக்கியமான செய்தியாளர். கடும் முகப்பருவுக்குக் கொடுக்கப்படும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை அதே குடும்பம். 1982 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த சில ஆண்டுகளுக்குள், கர்ப்பத்தின் முதல் வாரங்களில் அதை எடுத்த தாய்மாரின் பிள்ளைகளுக்குக் காது, முகம், இதயம், மூளை ஆகியவற்றில் குறைபாடுகள் வருவது தெரிந்தது. கர்ப்பமாக இருக்கும்போதோ ஆக வாய்ப்பிருக்கும்போதோ இந்த மாத்திரையைத் தொடவே கூடாது. சிநேகிதி தந்தாள், முகம் வெளுக்கும் என்று வாங்கி விழுங்கும் பிள்ளைகளுக்காகவே இந்தப் பந்தியை எழுதுகிறேன். முருங்கையிலைக்கும் கரட்டுக்கும் இந்தப் பயம் வேண்டாம். அவற்றில் இருப்பதை உடல் தேவையான அளவுக்கே விற்றமின் ஏயாக மாற்றிக்கொள்ளும்.

கொடி உவமையோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. எவ்வளவு நேரம் வாசம் பட்டது என்பதையும் கலங்கள் கணக்கில் எடுக்கின்றன. விரலும் இடைவெளியுமாக மாறி மாறி வரும் ஒழுங்குக்கு, டியூரிங் 1952 இல் எழுதிய வேறொரு வழி பொருந்துவதாக 2014 இல் எலியின் கால் மொட்டில் காட்டினார்கள். இவை ஒன்றோடொன்று எப்படிக் கைகோக்கின்றன என்பதில் இப்போதும் வேலை நடக்கிறது.

மூத்தம்மா டோர்ச் அடித்த ஐந்தாம் நாள் இரவை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் கரும்புள்ளி கண். அதற்குச் சற்றுக் கீழே, வெளிச்சத்துக்குப் புலப்படாத சிறகு மொட்டின் பின்விளிம்பில், புரதம் அப்போதும் கசிந்துகொண்டிருந்திருக்கும். இன்னும் ஒரு நாளுக்குள் அது ஓய்ந்துவிடும். அதற்குள் மூன்று விரல்களுக்கும் இடம் குறிக்கப்பட்டிருக்கும். அவர் முட்டையைக் கரிக்கோடு மேலே வரும்படி திருப்பி வைத்து, கோழியைத் தூக்கி மேலே உட்காரவிட்டு, எங்களைப் படுக்கச் சொல்வார்.